திரை கிழிந்த நாள்: பி. கே. ரோசி அம்மையார் வாழ்க்கை

நமது சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வாழ்க்கை வரலாறு ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார், அன்னை மீனாம்பாள் சிவராஜ் ஆகிய பெருமக்களைப் பற்றி எழுத வல்லவர் நம்மிடையே பலர் உளர். ஆதலின் அவர்களை விடுத்து, மேடையில் நின்று பேசாதவரும் நூல் எழுதாதவரும் ஆகிய ஒரு பெண்மணியின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொண்டேன். மலையாளத் திரைப்படத்தின் முதல் கதாநாயகி அவர். அவர் பெயரை இன்று உலகம் அறியும். அவர் நடித்த ஒரே படத்தின் ஒரு காட்சியைக்கூட இன்று காண வழியில்லை.

ரோசி அம்மையார் 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடுத்த நந்தன்கோட்டில் புலையர் குலத்து ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இயற்பெயர் ராஜம்மா. அந்நாளைய திருவிதாங்கூர் எத்தகைய நாடு என்பதை இளைய தலைமுறையினர் அறிந்திருத்தல் வேண்டும். பொதுச் சாலையில் நடப்பதற்கே புலையருக்கு உரிமை இல்லாதிருந்தது. 1893ஆம் ஆண்டில் மாவீரர் அய்யன்காளி வில்வண்டி பூட்டித் தலைப்பாகையுடன் அச்சாலையில் ஓட்டிச் சென்றதே ஒரு போராட்டமாயிற்று. நம் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று வயல் வேலையை நிறுத்திப் போராடியவர்கள் அம்மக்கள். அரசுக் கோயில்களின் கதவு அவர்களுக்குத் திறக்கப்பட்டது 1936ஆம் ஆண்டில்தான். ரோசி அம்மையார் பிறந்ததும் வளர்ந்ததும் இந்த இடைக்காலத்தில்.

புல்லறுத்து விற்றுப் பிழைத்த அக்குடும்பத்துப் பெண்ணுக்கு நடிப்பின்மேல் நாட்டம் எழுந்தது. அவர் கற்றது காக்காரிசி நாடகம். சிவபெருமானும் உமையம்மையும் குறி சொல்லித் திரியும் குறவனாகவும் குறத்தியாகவும் மண்ணுக்கு இறங்கி வருவதாக அமைந்த கூத்து அது. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் நடைபெறும். நம் குறவஞ்சிக்கு அது நெருங்கிய உறவு என்றே கருதுகிறேன். பெண் வேடத்தையும் ஆடவரே பூண்டு ஆடிய காலத்தில் ஓர் இளம்பெண் அக்கூத்தில் ஆட முன்வந்தது சிறிய துணிவன்று.

இந்நிலையில் ஜே. சி. டேனியல் என்பவர் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அகஸ்தீஸ்வரத்து நாடார் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர். பல் மருத்துவம் பயின்றவர். சிலம்பத்திலும் களரியிலும் பேரார்வம் கொண்டவர். படக்கலை கற்க முதலில் நம் சென்னைக்கு வந்து, இங்கு வாயில் திறவாமையால் பம்பாய் சென்று கற்றுத் திரும்பினார். சொந்த நிலத்தை விற்ற பணத்தில் விகதகுமாரன் என்னும் பேசாப் படத்தை எடுத்தார். காணாமற்போன குழந்தை என்பது அத்தலைப்பின் பொருள். செல்வர் வீட்டுப் பிள்ளை ஒன்று இலங்கைக்குக் கடத்தப்பட்டு, அங்கே தோட்டத் தொழிலாளியாக வளரும் கதை. கதாநாயகி வேடத்துக்குப் பம்பாயிலிருந்து வருவித்த நடிகை நிலைக்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண்கள் நடிக்க வருவதை எவரும் விரும்பாத காலம். அப்பொழுது கிடைத்தவரே ராஜம்மா. படத்துக்காக அவர் ரோசி ஆனார்.

அவருக்குத் தரப்பட்ட வேடம் சரோஜினி என்னும் நாயர் குலப் பெண். இவ்வரலாற்றின் உயிர்நிலை இதுவே. புலையப் பெண் ஒருத்தி நல்ல ஆடை உடுத்து, நகை பூண்டு, பூச்சூடி, உயர்குடி வீட்டுத் தலைவியாகத் திரையில் நடந்து வந்தாள்.

படம் திருவனந்தபுரம் கேபிடல் கொட்டகையில் வெளியிடப்பட்டது. 1928 என்றும் 1930 என்றும் ஆய்வாளரிடையே இரு கருத்து உண்டு. தொடக்க விழாவுக்குத் தலைமையேற்க அழைக்கப்பட்டவர் மள்ளூர் கோவிந்த பிள்ளை என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞர். ரோசி கொட்டகைக்குள் இருந்தால் தாம் வரப்போவதில்லை என்று அவர் தெரிவித்ததாக வரலாறு கூறுகிறது. நாயகி இல்லாமலே நாயகியின் படம் தொடங்கியது. கதாநாயகன் அவள் கூந்தலில் சூடிய மலரை முத்தமிடும் காட்சி வந்ததும் கொட்டகையில் கூச்சல் எழுந்தது. கற்கள் பறந்தன. திரை கிழிந்தது. பின்னர் அம்மையாரின் குடிசைக்கும் தீ வைத்தனர். கல்லெறிந்தவர்களைக் கல்லாதார் என்று தள்ளிவிடலாம். சட்டம் கற்று, வழக்காடி, நீதியைத் தொழிலாகக் கொண்ட ஒருவரே முதற்கல்லை எறிந்துவிட்டார் என்பதை என்னால் அவ்வாறு தள்ளிவிட இயலவில்லை. கல்வி மட்டும் இந்நோய்க்கு மருந்து என்று நாமெல்லாம் மேடைதோறும் பேசி வருவதால் இதை இங்குக் குறிக்க வேண்டியிருக்கிறது.

கடல் கடந்த நாட்டிலும் இதையொத்த ஒன்று நடந்தது. ஹாட்டி மெக்டானியல் என்னும் கறுப்பின நடிகை அமெரிக்காவில் கான் வித் த விண்ட் என்னும் பெரும்படத்தில் நடித்தார். 1939 டிசம்பர் 15ஆம் நாள் அட்லாண்டா நகரில் அப்படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டபொழுது, அம்மாநிலத்து நிறவெறிச் சட்டங்களின் காரணமாக அவர் அவ்விழாவில் கலந்துகொள்ள முடியவில்லை. மறு ஆண்டு அவருக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அவ்விழாவிலும் உடன் நடித்தோரோடு அமராமல் தனி மேசையில் அமர்த்தப்பட்டார். 1952இல் மறைந்தபொழுது, தாம் விரும்பிய ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்திலும் இடம் மறுக்கப்பட்டது.

இவ்விருவர் கதையும் ஒன்றே எனச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மெக்டானியல் அம்மையார் ஏற்றது வெள்ளையர் வீட்டுப் பணிப்பெண் வேடம். சமுதாயம் எந்த இடத்தை ஒதுக்கியதோ அந்த இடத்தில் நின்று நடித்ததால் பரிசேனும் தந்தனர். ரோசி அம்மையாரோ ஒதுக்கிய இடத்தை விட்டு வெளியே வந்து நடித்தார். புல்லறுப்பவளாகவோ சேடியாகவோ அவர் தோன்றியிருந்தால் அக்கொட்டகையில் ஒரு கல்லும் விழுந்திராது என்பது என் துணிபு. பள்ளி ஆண்டு விழா நாடகங்களில் யார் அரசி, யார் தோழி என்று பங்கிடும்பொழுது ஆசிரியப் பெருமக்கள் இதைச் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக. அந்தப் பங்கீட்டில் நிறமும் குடியிருக்கும் தெருவும் ஓசையின்றி வந்து அமர்வதை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன்.

ஊரைவிட்டு ஓடிய ரோசி அம்மையார் ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் வந்து சேர்ந்தார். அவ்வண்டியின் ஓட்டுநர் கேசவ பிள்ளை அவருக்கு அடைக்கலம் தந்து மணந்துகொண்டார். அவர் குலமோ, திரையில் ரோசி எந்தக் குலத்துப் பெண்ணாகத் தோன்றியதற்காக அடிக்கப்பட்டாரோ அதே நாயர் குலம். திரையில் ஒரு மணி நேரம் பூண்ட வேடத்தை அம்மையார் வாழ்நாள் முழுதும் பூண வேண்டியதாயிற்று. ராஜம்மாள் என்ற பெயரில் இல்லறம் நடத்தினார், மக்களைப் பெற்று வளர்த்தார். பிறந்த குலத்தையும் நடித்த படத்தையும் பற்றி வாய் திறக்கவில்லை. 1980களில் மறைந்தார்.

டேனியலும் வாழவில்லை. கடனில் மூழ்கி, நிலையத்தை இழந்து, அகஸ்தீஸ்வரத்தில் வறுமையுற்று 1975இல் இறந்தார். நாகர்கோவிலுக்கும் அகஸ்தீஸ்வரத்துக்கும் இடையே சில கல் தொலைவே. படச்சுருளோ, டேனியலின் இளைய மகன் அறியாச் சிறுவனாய் இருந்தபோது விளையாட்டாகத் தீயிட்டு அழித்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

1992இல் கேரள அரசு டேனியல் பெயரால் விருது நிறுவியது. ரோசி அம்மையாருக்கு அத்தகைய நினைவு கிட்டப் பின்னும் காலம் ஆயிற்று. குன்னுகுழி எஸ். மணி என்னும் தலித் எழுத்தாளர் பல்லாண்டு அலைந்து அவர் வரலாற்றைத் தேடித் தொகுத்திராவிடில், வேறு எவர் தேடியிருப்பார்? 2013இல் கமல் என்னும் மலையாள இயக்குநர் செல்லுலாய்ட் என்ற படத்தில் இக்கதையைக் காட்டினார். 2019இல் கேரளத் திரைத்துறைப் பெண்கள் தம் திரைப்படக் கழகத்துக்கு ரோசி பெயர் சூட்டினர். 2023 பிப்ரவரி 10 அன்று, அவரது 120ஆம் பிறந்தநாளில், கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் சித்திரத்தை இட்டது. நம் சென்னையில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரால் திரைப்பட விழா எடுத்துள்ளது.

தண்டையார்ப்பேட்டை அகஸ்தியா கொட்டகையில் படம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அக்கொட்டகை 2020இல் மூடப்பட்டது. அத்திரையில் நம் வடசென்னையைச் சேர்ந்தவனாக எவனேனும் வந்தால், பெரும்பாலும் கத்தியோடுதான் வந்தான். வியாசர்பாடியை மெட்ராஸ் படமும் (2014), இப்பகுதிக் குத்துச்சண்டை வீரரைச் சார்பட்டா பரம்பரையும் (2021) காட்டியபொழுது, நம் மாணவர் சிலர் படத்தைவிடத் தங்கள் தெருவைத்தான் பார்த்து வந்து பேசினர். அவர்களுள் ஒருவரும் ரோசி என்ற பெயரைக் கேட்டிருக்கவில்லை. பாடநூலில் அப்பெயர் இல்லை. எனவே பிப்ரவரி 10 அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இவ்வரலாற்றை மாணவி ஒருத்தியைக் கொண்டு படிக்கச் செய்து வருகிறேன். விருப்பமுள்ள பள்ளிகள் இம்மலரின் இப்பக்கங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.