பிரித்துப் பயின்ற பேரறிவு

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிக்கல்வியில் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் அவரை ஈர்த்தது. அதனை வாங்குவதற்காகக் கோவை உணவகம் ஒன்றில் மூன்றாண்டுகள் பரிமாறும் பணி செய்து பொருள் சேர்த்தார்.

அரிதின் வாங்கிய வண்டியை ஓட்டி மகிழ்வதோடு அவர் நின்றுவிடவில்லை. உறுப்பு உறுப்பாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். பூட்டுவதில் பிழை நேர்ந்திருப்பின் மூன்றாண்டு உழைப்பும் வீணாகியிருக்கும்.

பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை மின்பொறி பற்றவைத்தால்தான் எந்திரம் இயங்கும். ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்தாலோ, கம்பி இணைப்புத் தளர்ந்தாலோ பொறி எழாது. காசிமேட்டுக் கடலில் செல்லும் படகின் பெட்ரோல் மோட்டாருக்கும் இதுவே விதி. இத்தகைய குறைகள் வெளியே தெரிவதில்லை. பிரித்துப் பார்ப்பவருக்கே புலப்படும்.

அவ்வாறு பெற்ற அறிவே அவருக்கு முதலாயிற்று. 1920இல் ஒரே பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். 1937இல் பீளமேட்டில் இருந்த அவரது தொழிற்சாலையில் மின்மோட்டார் உருவாயிற்று. தாம் பெறாத கல்வியைப் பிறர் பெறத் தொழிற்கல்வி நிலையங்களுக்கும் வித்திட்டார். 1974ஆம் ஆண்டு மறைந்த அவரை, ஏட்டுக்கல்வியோடு கைத்திறனும் அறிவே என உணர்த்தியவராகத் தமிழகம் போற்றுகிறது.