தீப்பொறிக்காரர் செய்த டீசல் பம்ப்

வீட்டில் யாராவது பழைய லோரி ஓட்டினால் இந்தப் பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும். காலையில் வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆகவில்லை, மேடு ஏறும்போது கறுப்புப் புகை தள்ளுது, டீசல் செலவு கூடிப்போச்சு. பட்டறையில் காட்டினால் பம்ப்பும் நோசலும் தேய்ந்துவிட்டன, இரண்டையும் சேர்த்தே மாத்தணும் என்பார்கள். ஐரோப்பிய லோரி என்றால் அந்தப் பம்ப்பின் தகட்டில் பெரும்பாலும் போஷ் என்று இருக்கும். ஜப்பான் லோரியில் டீசல் கிக்கி போன்ற வேறு பெயர் இருக்கலாம். அந்தக் கம்பெனியும் போஷிடம் உரிமம் வாங்கித்தான் பம்ப் செய்ய ஆரம்பித்தது.

துளையிடும் மெஷின் விற்கும் கடையில் பார்க்கிற அதே பெயர்தான். அது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

ரோபர்ட் போஷ் 1861 செப்டம்பர் 23-ஆம் தேதி, ஜெர்மனியில் ஊல்ம் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஆல்பெக் கிராமத்தில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவது. அப்பா விவசாயமும் பார்த்து, வழிப்போக்கர் தங்கும் விடுதியும் நடத்தினார். நுண்கருவி செய்யும் தொழிலைப் பழக மகனை ஊல்மில் ஒரு பட்டறையில் சேர்த்தார்கள். அந்த முதலாளி பட்டறைப் பக்கமே அதிகம் வரமாட்டார், ஒழுங்காகச் சொல்லித்தரவும் இல்லை. இந்தக் கசப்பு போஷுக்குக் கடைசிவரை போகவில்லை. பிற்காலத்தில், 1913-இல், தன் தொழிற்சாலையில் பயிற்சிப் பையன்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு பல ஊர்களில் வேலை. அமெரிக்காவில் எடிசனின் நிறுவனம், இங்கிலாந்தில் சீமென்ஸ். 1886 நவம்பர் 15-ஆம் தேதி ஸ்டுட்கார்ட்டில் சொந்தப் பட்டறை திறந்தார். கூட இருந்தவர்கள் ஒரு தொழிலாளியும் ஓர் எடுபிடிப் பையனும். தொலைபேசி, மின்மணி என்று வந்த வேலையெல்லாம் செய்தார்கள். ஆரம்ப வருடங்கள் பெரும் கஷ்டம். கடனும் ஏறியது, ஒரு சமயம் ஆட்களையும் குறைக்க வேண்டி வந்தது.

அவரைத் தூக்கிவிட்டது மேக்னெட்டோ. பெட்ரோல் இயந்திரத்துக்குள் தீப்பொறி உண்டாக்கும் கருவி அது. 1897-இல் அவர் பட்டறை அதை ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் பொருத்திக் காட்டியது. 1902-இல் அவருடைய பொறியாளர் கொட்லோப் ஹோனோல்ட், உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற தீப்பொறிப் பிளக்கையும் கொண்டுவந்தார். அதற்கப்புறம் உலகம் முழுக்க விற்பனை. 1906-இல் தன் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தார். மற்ற முதலாளிகள் இவரைச் சிவப்பு போஷ் என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் 1913-இல் அவர் தொழிற்சாலையிலும் வேலைநிறுத்தம் வெடித்தது. மனம் நொந்து முதலாளிகள் சங்கத்தில் சேர்ந்துகொண்டார். ரொம்ப நல்லவர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது, இதையும் சொல்லணும்.

முதல் உலகப் போரில் வெளிநாட்டுச் சந்தை பெரும்பாலும் கைவிட்டுப் போனது. அமெரிக்காவில் இருந்த சொத்தை அந்த நாட்டு அரசு எடுத்துக்கொண்டது. 1921-இல் மகன் நோயில் இறந்தார். அடுத்த வருடக் கடைசியில், 61 வயதில், டீசல் இயந்திரத்துக்கு எரிபொருள் பம்ப் செய்வது என்று போஷ் முடிவெடுத்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். டீசல் இயந்திரத்துக்குத் தீப்பொறியே தேவையில்லை. காற்றை நன்றாக அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அப்படியென்றால் டீசல் ஜெயித்தால் மேக்னெட்டோவுக்கு வேலை இல்லை. தன் கஞ்சி எதில் வேகிறதோ அந்த அடுப்பையே அணைக்கக்கூடிய பொருளைச் செய்யத் துணிந்தார். இதில் வியாபாரக் கணக்கும் உண்டு. பெட்ரோல் காரில் மலிவான பேட்டரி முறை வந்து மேக்னெட்டோவை ஏற்கெனவே ஓரம்கட்டிக்கொண்டிருந்தது.

ரூடோல்ஃப் டீசல் செய்த முதல் இயந்திரங்களில், அழுத்திய காற்றைக்கொண்டு எரிபொருளை ஊதி உள்ளே தள்ளுவார்கள். அதற்குத் தனியாக ஒரு கனமான கம்ப்ரசர் வேண்டும். கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும் அது சரிப்படும், லோரிக்கு எங்கே தூக்குவது? காற்று இல்லாமல் டீசலையே நேராக அழுத்திப் பீய்ச்ச ஒரு சின்ன பம்ப் வேண்டும்.

சின்னதுதான், ஆனால் லேசு இல்லை. ஆறு சிலிண்டர் லோரி நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால், பம்ப் அந்த ஒரு நிமிடத்தில் 6000 முறை பீய்ச்ச வேண்டும். ஒவ்வொரு முறையும் சில துளி அளவுதான், எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே அளவு, சரியான நொடியில். பழைய லோரி நோசல் திறக்கவே சுமார் 200 பார் அழுத்தம் தேவை. அந்த அழுத்தத்தில் டீசல் பக்கவாட்டில் கசியக்கூடாது. அதனால் பம்ப்புக்குள் ஓடும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவில் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் இரண்டு மூன்று பங்குதான். இரண்டையும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்துவார்கள். ஒரு ஜோடியின் பிளஞ்சரை இன்னொரு உறையில் போட முடியாது. பிளஞ்சரின் பக்கத்தில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிளஞ்சர் கொஞ்சம் திரும்பும், சாய்வு வெட்டு டீசலின் அளவைக் கூட்டும். எனக்கு இந்த ஒரு வெட்டைப் பார்த்தாலே மரியாதை வந்துவிடும்.

பட்டறைக்காரர் சொல்வதன் நியாயமும் இங்கேதான் இருக்கிறது. பம்ப்பை மட்டும் புதிதாக்கினால், தேய்ந்த நோசல் டீசலைத் தூளாகத் தெளிக்காமல் ஒழுகவிடும், புகை போகாது. நோசலை மட்டும் மாற்றினால், தேய்ந்த பிளஞ்சர் அளவாகத் தள்ளாது. பம்ப்பைச் சோதனை மேசையில் ஏற்றி, சிலிண்டர் வாரியாக அளவு பார்த்து, வண்டியில் டைமிங் குறியோடு பூட்டி, குழாயில் உள்ள காற்றை வெளியேற்றினால்தான் வேலை முடிந்தது. பிளஞ்சருக்கு டீசலேதான் மசகெண்ணெய். டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்தால் புதுப் பம்ப்பும் சீக்கிரம் தேயும், அதனால் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

இந்தப் பம்ப்பை போஷ் தன் கையால் வரையவில்லை. டீசலில் அனுபவமுள்ள ஃபிரான்ஸ் லாங் உட்படப் பலர் உழைத்தார்கள். ஹோனோல்ட் 1923-லேயே இறந்துவிட்டார். 1926-இல் வாகனத் தொழில் படுத்து, ஆட்குறைப்பும் நடந்தது. அந்த நிலையிலும் பம்ப்புக்குக் காசு நிறுத்தவில்லை. 1927-இல் தொடர் உற்பத்தி ஆரம்பமானது. இயந்திரம் செய்கிறவர்கள் இனி ஆளுக்கொரு பம்ப்பைத் தாங்களே செய்து திண்டாட வேண்டியதில்லை, ஆர்டர் கொடுத்தால் வந்துவிடும். டீசல் லோரி பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1936-இல் டீசல் காரும் வந்தது, மெர்சிடிஸ் 260 டி.

கடைசிக் காலம் சிக்கலானது. ஹிட்லரை அவருக்குப் பிடிக்கவில்லை. ஹிட்லருக்கு எதிராக வேலை செய்த கோர்டெலருக்கு நிறுவனத்தின் ஆலோசகர் என்ற பெயரில் இடம் கொடுத்தார், யூதர்களுக்கும் உதவி போனது. அதே நேரத்தில் அவர் தொழிற்சாலைகள் போருக்கான பொருள்களைச் செய்தன, கட்டாயத் தொழிலாளர்களும் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். 1942 மார்ச் 12-ஆம் தேதி போஷ் இறந்தார். அவர் வெறுத்த அந்த அரசே அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தியது. கோர்டெலரை 1945-இல் தூக்கிலிட்டார்கள். 1964-இல் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகள் ஓர் அறக்கட்டளைக்குப் போயின. 1940-இல் அவர் ஸ்டுட்கார்ட்டில் திறந்த மருத்துவமனை இன்றும் நடக்கிறது.