கடல் கடந்து வந்த தொண்டர்

ஐரோப்பாவின் மேற்கே, கடல் சூழ விளங்கும் தீவு அயர்லாந்து. ஏழைக் குடியானவர்க்கு அங்கே உருளைக்கிழங்கே உணவாக இருந்தது. 1845ஆம் ஆண்டில் அப்பயிரை நோய் பற்றியது. கொடிய பஞ்சம் சூழ்ந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் பிறந்த மண்ணைப் பிரிந்து, அமெரிக்கா முதலிய நாடுகளுக்குக் கப்பலேறினர். இருப்புப்பாதை அமைத்தும், பிறர் இல்லங்களில் ஏவல் செய்தும் அவர்கள் உயிர் வாழ்ந்தனர். பஞ்சம் நீங்கிய பின்னரும் அந்நாட்டவர் வெளியேறுதல் ஓயவில்லை.

அத்தீவினின்றும் சென்னைக்கு வந்தவர் மார்கரெட் கசின்ஸ் அம்மையார். ஆயினும், அவரைச் செலுத்தியது பசியன்று, கொள்கையே ஆகும்.

அம்மையார் 1878ஆம் ஆண்டில் பாயில் என்னும் ஊரில் பிறந்தார். டப்ளினில் இசை பயின்று பட்டம் பெற்றார். 1903இல் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸை மணந்தார். மகளிர்க்கு வாக்குரிமை இல்லாமை அவர் உள்ளத்தை வருத்தியது. 1908இல் தோழியருடன் கூடி, அதற்கெனக் கழகம் ஒன்றை நிறுவினார். அவ்வுரிமைப் போரில் இருமுறை சிறை புகுந்தார்.

இந்தியாவின் ஞானநெறியில் கணவன் மனைவி இருவரும் ஈடுபாடு கொண்டிருந்தனர். 1915இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்று இந்நாடு போந்தனர். பெசன்ட் நடத்திய செய்தித்தாளில் ஜேம்ஸ் பணியாற்றினார். மறு ஆண்டு அயர்லாந்தில் விடுதலைக் கிளர்ச்சி மூண்டது. அதனைப் புகழ்ந்தெழுதியமையால் அவர் அப்பணியை இழந்தார். எனினும், இருவரும் தாயகம் திரும்பினாரல்லர். ஜேம்ஸ் மதனப்பள்ளிக் கல்லூரியில் ஆசிரியரானார்.

1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்ற அம்மையார் பெரிதும் உழைத்தார். அவ்வாண்டு இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். சரோஜினி தேவியார் தலைமையில் மகளிர் குழுவொன்று அவரைக் கண்டு வாக்குரிமை வேண்டியது. அதற்கு ஏற்பாடு செய்தவர் அம்மையாரே. 1921இல் சென்னைச் சட்டசபை, சொத்துத் தகுதியுடைய மகளிர்க்கு அவ்வுரிமையை வழங்கியது.

அயர்லாந்தில் குற்றவாளிக் கூண்டில் நின்ற அம்மையார், சைதாப்பேட்டையில் கௌரவ நீதிபதியாக அமர்ந்தார். அப்பதவி அவர் நாவைக் கட்டவில்லை. 1932இல், பேச்சுரிமையைப் பறித்த அவசரச் சட்டங்களைக் கண்டித்துப் பேசி, வேலூர்ச் சிறையில் அடைபட்டார்.

1950இல் இந்திய அரசியலமைப்பு, வயது வந்த ஆடவர் மகளிர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. அந்நாளைக் கண்ட அம்மையார், 1954இல் மறைந்தார். பிறந்த நாட்டில் தொடங்கிய பணியைப் புகுந்த நாட்டில் தொடர்ந்த அவர்தம் வாழ்க்கை, தொண்டுக்கு எல்லை இல்லை என்பதை உணர்த்துகின்றது.