கணியன் கோவிந்தசாமியார்

தமிழ் எழுத்துகள் பனையோலையினின்று காகிதத்திற்கும், எழுத்தாணியினின்று அச்சுப்பொறிக்கும் குடிபெயர்ந்த வரலாற்றை நம் கலாசாலை மாணவர் பலரும் அறிவர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் 1715ஆம் ஆண்டிற் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடிக்குமுன், ஜெர்மனி நாட்டினின்று வந்த எழுத்துகள் மிகப் பெரியனவாயிருந்தமையாற் காகிதம் போதாதெனக் கண்டு, சிறிய எழுத்துகளை இந்நாட்டிலேயே வார்ப்பித்தனர். கருவி புதிதாகும்போதெல்லாம் எழுத்துக்கு ஓர் இடர் நேர்தலும், அவ்விடரைக் களைய ஒருவர் தோன்றுதலும் உண்டு. தமிழ் கணினிக்குட் புகுந்த காலத்து அங்ஙனம் தோன்றியவருள் ஒருவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியார். அவர் சரிதத்தை யாம் ஈண்டு எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுகின்றோம்.

சென்ற கோடை விடுமுறையில் எம் ஊராகிய உத்தமபாளையத்திற்குச் சென்றிருந்தோம். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் உடையோர் பலருள் எம் பாட்டனாரும் ஒருவராயிருந்தார். அவர் 1998ஆம் ஆண்டில் ஒரு கணினி வாங்கி, எந்தப் பந்தலில் எந்நாளிற் கவாத்துச் செய்தார், எத்தனை நாளிற் கொடி பூத்தது, எந்த மழையிற் பழம் வெடித்தது என்பனவற்றையெல்லாம் தமிழில் எழுதிவைத்தார். அவர் இப்பொழுது இல்லை. அக்கோப்புகள் மட்டும் ஒரு பழைய தகட்டினின்று மற்றொன்றிற்கு மாற்றப்பெற்று எம் தந்தையாரிடம் இருந்தன. அவற்றைத் திறந்தபோது தமிழில் ஓர் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் ஒன்றோடொன்று பின்னிப் பொருளற்றுக் கிடந்தன. கோப்பு அழிந்துவிட்டதென்றே தந்தையார் கருதினார். அஃது அழியவில்லை என்பதை யாம் அறிந்தது கோவிந்தசாமியார் வாழ்ந்த காலத்தின் வரலாற்றைப் படித்த பின்னரே.

கோவிந்தசாமியார் 1946ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிறந்தவர். ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, பின்னர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராய் விளங்கினார். அவர் முதற்கண் ஓர் எழுத்தாளர் என்பதை மறத்தலாகாது. சிறுகதை எழுதியதோடு அமையாது, பிறர் எழுதிய கதைகளை அலசி ஆராய்தற்கு இலக்கியக் களம் என்னும் அமைப்பினையும் நடத்தினார். 1994ஆம் ஆண்டிற் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது அவருக்குக் கிடைத்தது. இவ்வளவோடு நின்றிருப்பினும் அவர் பெயர் சிங்கப்பூர்த் தமிழிலக்கிய வரலாற்றில் நிலைத்திருக்கும். கதை எழுதுவோர் ஒருவர் கணினியின் உட்புகுந்து எழுத்தமைக்க முற்பட்டதுதான் வியப்பு. இலக்கண நூல்களைப் படிக்கும் எம்மனோர்க்கு அதனால் ஒருவகை ஊக்கமும் உண்டாகின்றது.

அக்காலத்து நிலையைச் சிறிது விளக்குவோம். கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். ஆங்கிலத்திற்கு எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது உலகத்தார் ஒப்ப முடிந்திருந்தது. தமிழுக்கோ எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியவாறு எண் வகுத்தனர். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிலேயே தமிழ் வடிவத்தை ஏற்றிவைத்தோரும் பலர். ஆகவே மதுரையில் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தேனியில் உள்ளவர் படிக்கவேண்டின், அதே எழுத்துரு அவர் கணினியிலும் இருத்தல் வேண்டும். இல்லையேல் எம் பாட்டனார் கோப்பிற்கு நேர்ந்த கதிதான் அதற்கும் நேரும். விசைப்பலகையும் அங்ஙனமே பலவாயிருந்தன. யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த முத்தையா என்பார் தட்டச்சுப்பொறிக்கு அமைத்த முறையைச் சிலரும், ஆங்கில ஒலிப்பு முறையைச் சிலரும், வேறு முறைகளைச் சிலரும் கையாண்டனர்.

இந்நிலையிற் கோவிந்தசாமியார் கணியன் என்னும் தமிழ் மென்பொருளையும் அதற்கேற்ற விசைப்பலகையையும் உருவாக்கினார். கணியன் என்பது காலத்தைக் கணிப்போனைக் குறிக்கும் பழஞ்சொல். சங்கப் புலவர் பூங்குன்றனார் பெயரில் யாவரும் அறிந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டான் டின் வீ முதலியோருடன் கூடி உழைத்து, 1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றிய முயற்சியிற் தமிழ்ப் பகுதியை அவர் அமைத்தார். அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கிவைத்தார். இணையத்திற் தமிழ் எழுத்துத் தோன்றிய முதற்பக்கங்களுள் அஃதொன்று.

தாம் ஒன்றைச் செய்து முடித்தமையாற் பிறரும் அதனையே ஏற்கவேண்டும் என்று இருந்துவிட்டால் பலகைகளின் தொகையில் ஒன்று கூடியதன்றி வேறு பயன் விளைந்திராது. 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் அவர் முன்னின்று கூட்டிய தமிழ்நெட்97 மாநாட்டிற் பல நாட்டுத் தமிழறிஞரும் பொறியியலாரும் ஒருங்கிருந்து, எழுத்துக்குறியும் விசைப்பலகையும் ஒன்றாதல் வேண்டுமென ஆராயத் தொடங்கினர். அதன் தொடர்ச்சியாக 1999ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடியது. அங்கே வரையப்பெற்ற விசைப்பலகையே தமிழ்99 எனப்படுவது. உயிர் ஒருபாலும் மெய் மற்றொருபாலும் நின்று, எழுத்தின் ஒலிமுறையே விசைமுறையாதல் வேண்டும் என்று கோவிந்தசாமியார் வற்புறுத்திவந்த கொள்கை அதில் இடம்பெற்றது. ஜூன் மாதத்தில் தமிழக அரசு அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. அவ்வாணையைக் காண அவர் இருந்திலர். மே மாதம் 26ஆம் நாள், தம் ஐம்பத்துமூன்றாம் வயதில், உயிர்நீத்தார்.

நிற்க. அப்பலகையின் அமைப்பைச் சிறிது விரித்துக் கூறாது செல்ல எமக்கு மனமில்லை. இடக்கைப் பக்கம் உயிரெழுத்துகள். நடு வரிசையில் ஏ, எஸ், டி, ஜி என்னும் விசைகளில் முறையே அ, இ, உ, எ என்னும் குறில்கள் நிற்கும். ஒவ்வொன்றின் நேர்மேலே அதன் நெடில் நிற்கும். ஒகர ஓகாரங்கள் கீழ் வரிசையில் உள்ளன. வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய்கள். மிகுதியாய் வழங்கும் க, ப, ம, த ஆகியவை நடு வரிசையில் விரல்கட்கு அணித்தாய் அமைந்துள்ளன. மெய்யை அழுத்தி உயிரை அழுத்தினால் உயிர்மெய் பிறக்கும். ககரத்தின்பின் ஒகரத்தை அழுத்தினால் கொ ஆகும். பழைய தட்டச்சிற் போலக் கொம்பு முதலிலும் கால் பின்னுமாகப் பிரித்து அடித்தல் வேண்டா. இங்ஙனம் முப்பத்தொரு விசைகளால் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் கைவரும்.

இதனினும் இனியது புள்ளி தானே விழும் முறை. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்தின்மேற் புள்ளி விழும்; மெல்லினத்தின்பின் அதன் இன வல்லினம் வந்தாலும் அங்ஙனமே. மெய்ம்மயக்கமும் இனவெழுத்தும் தேர்வுக்கு மட்டுமே பயன்படுவன என்று எம் வகுப்பில் முணுமுணுப்போர் இதனைக் கவனிப்பாராக. கம்பம் என்று எழுத வேண்டின் க, ம, ப, ம என்னும் நான்கையும் அழுத்தி, ஈற்றில் எஃப் விசையில் உள்ள ஆய்தத்தை அழுத்தினாற் போதும். இடையிலுள்ள மகரத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். தேனி என்பதற்கு நான்கே அழுத்தம். மமதை என்றாற்போலப் புள்ளி வேண்டாத இடத்து, இரு மகரத்துக்கும் நடுவே அகரத்தை ஒருமுறை அழுத்துக. இந்த ஒரு சிறு நுட்பத்தை அறியாமையால் இப்பலகையைக் கைவிட்டோர் சிலரை யாம் அறிவோம்.

தனியே பொருள் கொடுத்து வாங்கவேண்டிய இடர் இப்பொழுது இல்லை. விண்டோஸ் கணினியின் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்து, விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 என்பதைத் தெரிந்தெடுத்தால் அமையும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் ஒருங்கே அழுத்த, ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மாறலாம். ஆப்பிள் கணினியிலும் கைப்பேசியிலும் அது முன்னரே உள்ளது. எழுத்துக்குறியின் குழப்பமும் யூனிகோட் என்னும் ஒருங்குறியால் தீர்ந்தது. 2010ஆம் ஆண்டிற் தமிழக அரசும் அதனை ஏற்றுக்கொண்டது.

பழங்கோப்புகளின் நிலைமை வேறு. அவை ஒருங்குறிக்கு முற்பட்டவை. அவற்றைத் திறந்து குழம்பிய எழுத்தைக் கண்டவுடன் அழித்துவிடுதல் கூடாது. முதலிற் கோப்பை மற்றோரிடத்திற் படியெடுத்து வைத்துக்கொள்க. பின் எழுத்துருப் பெயர் காட்டும் கட்டத்தில் என்ன பெயர் உள்ளதெனக் காண்க. எம் பாட்டனார் கோப்பிற் பாமினி என்றிருந்தது. அவ்வெழுத்துருவை நிறுவினாற் படிக்கலாம். ஆயினும் அடுத்த கணினியில் மீண்டும் அதே இடர் தோன்றும். ஒருங்குறி மாற்றி என வழங்கும் மென்பொருள்களுள் ஒன்றிற் பாமினி என்பதைக் குறித்து, பகுதி பகுதியாய் இட்டு மாற்றுதலே நிலையான வழி. ஆங்கிலச் சொற்கள் இடையே இருப்பின் அவையும் தமிழாய் மாறிக் கெடும்; அவற்றைப் பின்னர்க் கையால் திருத்தவேண்டும். தட்டச்சுப் பயிலகத்திற் பயின்ற எம் சிற்றப்பாவுக்குப் புதிய பலகை பிடிக்கவில்லை. பழைய முறையே தமக்கு விரைவு என்றார். அவர் விரல்களைக் கண்டபின் யாம் மறுத்துரைக்கவில்லை.

முதற்கோப்பு மாறித் திரையிற் தமிழ் வந்தபோது, மார்கழிக் கவாத்துக்கு ஆள் கிடையாமை பற்றிய ஒரு குறிப்புத்தான் முதலிற் கண்ணிற் பட்டது. தந்தையார் மூக்குக் கண்ணாடியை எடுத்துவரச் செய்து, நின்றபடியே இருமுறை படித்தார். இன்னும் பதினொரு கோப்புகள் உள்ளன. கலாசாலை திறந்துவிட்டமையால் அவற்றை அப்படியே வைத்து வந்திருக்கின்றோம்.