லயனல் வென்ட்

லயனல் வென்ட் (டிசம்பர் 3, 1900 - டிசம்பர் 19, 1944) இலங்கையைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர், பியானோ இசைஞர் மற்றும் கலை விமரிசகர் ஆவார். கறுப்பு வெள்ளை ஒளிப்படத்தை வெறும் காட்சிப் பதிவாகக் கொள்ளாமல், தமக்கே உரிய பார்வையை வெளிப்படுத்தும் கலையாக வளர்த்த தெற்காசிய முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். இலங்கையின் நவீன ஓவிய இயக்கமான 43 குழு உருவாவதிலும் இவர் முதன்மைப் பங்கு வகித்தார். இவர் ஒளிப்படக் கலையில் தீவிரமாக ஈடுபட்டிருந்த காலம் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் மட்டுமே.

இளமைக் காலம்

லயனல் வென்ட் கொழும்பில் பிறந்தார். இவருடைய தந்தை ஹென்றி லோரன்ஸ் வென்ட், பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். இலங்கை உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாகப் பணியாற்றியவர். தாயார் அமேலியா டி சேரம். கொழும்பில் பள்ளிக் கல்வி பெற்ற வென்ட், 1919 ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று இன்னர் டெம்பிள் நிறுவனத்தில் சட்டம் பயின்றார். அதே காலத்தில் இலண்டன் அரச இசைக் கழகத்தில் பியானோவும் கற்றார். 1924 இல் நாடு திரும்பினார். சட்டத் தொழிலில் சிறிது காலமே ஈடுபட்ட பின் அதனைக் கைவிட்டு, இசையையும் கலையையும் தம் வாழ்க்கையாக்கிக் கொண்டார்.

ஒளிப்படக் கலை

ஒளிப்படக் கலை இலங்கைக்குப் புதியதன்று. புகழ்பெற்ற ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் தம் இறுதி ஆண்டுகளை இத்தீவில் கழித்து 1879 இல் காலமானார். ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே ஆகிய நிறுவனங்கள் கோயில்கள், தென்னந்தோப்புகள், தேயிலைத் தோட்டங்கள், பல்வேறு இன மக்கள் ஆகியோரைப் படமெடுத்துப் பயணிகளுக்கு விற்று வந்தன. இலங்கையின் தோற்றம் வெளியுலகில் பெரும்பாலும் இவ்வகைப் படங்களின் வழியாகவே அறியப்பட்டிருந்தது.

1930களின் தொடக்கத்தில் ஒளிப்படக் கலையில் முனைந்த வென்ட், படமெடுப்பதற்கு வேறு நிலத்தைத் தேடிச் செல்லவில்லை. மீனவர், உழைப்பாளர், கண்டி நடனக் கலைஞர், இடிந்த கோயில்கள், கடற்கரை, மரங்கள் எனப் பலரும் முன்னரே படமெடுத்தவற்றையே இவரும் எடுத்தார். வேறுபாடு அவற்றைக் கண்ட விதத்தில் இருந்தது. வெப்ப மண்டல வெயிலில் நிழல் கரியதாகவும் விளிம்பு கூரியதாகவும் விழும். நிறம் இல்லாத படத்தில் ஒளிக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட தரங்களே வடிவத்தைத் தாங்க வேண்டும். மனித உடல், துணி மடிப்பு, இலை, கல் ஆகிய அனைத்தையும் அவர் இந்த ஒளி நிழல் அமைப்பாகவே கண்டார்.

அவருடைய பணியில் சரிபாதி இருட்டறையில் நிகழ்ந்தது எனலாம். மேன் ரே முதலிய ஐரோப்பியக் கலைஞர்கள் கையாண்ட உத்திகளை வென்ட் நன்கு அறிந்திருந்தார். உருத்துலக்கும் வேளையில் படத்தின் மீது மீண்டும் சிறிது ஒளி படச் செய்தால் கருமையும் வெண்மையும் ஓரளவு இடம் மாறி, உருவங்களைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு தோன்றும். சோலரைசேஷன் எனப்படும் இம்முறையையும், பல படங்களை ஒன்றாக இணைக்கும் முறையையும் அவர் பயன்படுத்தினார். இவற்றுடன் எந்த உத்தியும் இல்லாத எளிய படங்களையும் தொடர்ந்து உருவாக்கினார்.

ஆண் உடலின் அழகைக் காட்டும் இவருடைய படங்கள் அக்கால இலங்கையில் துணிச்சலானவை. அதேவேளை, செல்வக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் ஏழை உழைப்பாளரைப் படப்பொருளாக்கியது குறித்துப் பிற்கால விமரிசகர்கள் கேள்விகளை எழுப்பியுள்ளனர்.

1938 இல் இவருடைய படங்கள் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இலங்கை ஒளிப்படச் சங்கத்தின் அமைப்பாளர்களுள் ஒருவராகவும் இருந்தார்.

பிற கலைப் பணிகள்

பேசில் ரைட் இயக்கி 1934 இல் வெளிவந்த சாங் ஆஃப் சிலோன் என்னும் ஆவணப்படத்தின் உருவாக்கத்தில் வென்ட் உதவினார். படத்தின் பின்னணிக் குரலும் அவருடையதே. 1681 இல் வெளியான ராபர்ட் நாக்சின் நூற்பகுதிகளை அதில் அவர் வாசித்தார். 1929 அளவில் கொழும்பில் சிலி நாட்டின் தூதரக அலுவலராக இருந்த கவிஞர் பாப்லோ நெருடாவும் வென்டின் நட்பு வட்டத்தில் இருந்தார். ஓவியர் ஜார்ஜ் கீட், கண்டி நடனக் கலைஞர்கள் ஆகியோருக்கு வென்ட் ஆதரவளித்தார்.

1943 ஆகஸ்டில் வென்டின் இல்லத்தில் கூடிய ஓவியர்கள் 43 குழுவைத் தொடங்கினர். ஜார்ஜ் கீட், ஐவன் பீரிஸ், ஹாரி பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல முதலியோர் இதன் உறுப்பினர்கள். குழுவின் முதல் கண்காட்சி அதே ஆண்டு நவம்பரில் நடைபெற்றது.

மறைவும் எஞ்சிய படங்களும்

வென்ட் தமது 44 ஆம் வயதில் கொழும்பில் காலமானார். அவருடைய மறைவுக்குப் பின்னர் நெகட்டிவ் எனப்படும் எதிர்ப்படிமங்கள் அழிக்கப்பட்டன. ஒளிப்படக் கலையில் இது பேரிழப்பாகும். எதிர்ப்படிமம் இருந்தால் பிறர் புதிய படிகள் எடுக்கலாம். கலைஞர் ஒதுக்கிய படங்களையும் ஆராயலாம். வென்டைப் பொறுத்தவரை அவ்வழி அடைபட்டது. ஆயினும் இதனால் ஒரு தெளிவும் உண்டு. அவர் தம் கையால் அச்சிட்ட படிகளில், எவ்வளவு இருள், எவ்வளவு ஒளி என்பதை அவரே முடிவு செய்திருந்தார். எனவே இன்று அவருடைய பார்வையை அறிய அப்படிகளே முதன்மைச் சான்றுகளாக உள்ளன.

நினைவு

அவருடைய படங்களின் தொகுப்பு லயனல் வென்ட்ஸ் சிலோன் என்னும் நூலாக 1950 இல் இலண்டனில் வெளியிடப்பட்டது. கொழும்பில் கில்ஃபர்ட் கிரெசென்ட் பகுதியில் அவருடைய இல்லம் இருந்த இடத்தில் லயனல் வென்ட் நினைவுக் கலை நிலையம் 1953 டிசம்பரில் திறக்கப்பட்டது. நாடக அரங்கையும் கலைக்கூடத்தையும் கொண்ட இந்நிலையம், இலங்கையின் ஆங்கில, சிங்கள நாடகங்கள் அரங்கேறும் முக்கிய இடங்களுள் ஒன்றாக விளங்கி வந்துள்ளது.