வேட்கையும் நல்விழைவும்: தர்மானந்த கோசாம்பியின் வரலாறு

தேவ்நாரிலும் செம்பூரிலும் வாழும் நம் அன்பர்கள் பலர், பஞ்சசீலம் ஏற்ற நாள்முதல் உள்ளத்தில் ஓர் ஐயத்தைச் சுமந்து வருகின்றனர். துக்கத்திற்கு மூலம் வேட்கையே என்பது பகவன் கண்ட வாய்மை. ஆயின், பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும், மழைக்கு ஒழுகாத கூரை வேண்டும், பிறர்க்கு நிகராகத் தலைநிமிர்ந்து வாழ வேண்டும் என நாம் விரும்புவதும் வேட்கைதானா? விடுதலையை விரும்புவதும் ஒரு விருப்பமன்றோ? இவ்வையத்தை வாதத்தால் அறுப்பதினும் ஒரு பெரியாரின் வாழ்க்கையால் விளக்குதல் எளிது. நமக்கு அண்மையிலுள்ள பரேலில் 1937-இல் தொழிலாளர்க்கெனப் பகுஜன விகாரையை நிறுவிய தர்மானந்த கோசாம்பியே அப்பெரியார்.

இவர் 1876-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் கோவா நாட்டின் சாங்க்வால் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு மிகச் சிறிது; இளமை தென்னந்தோப்புக் காவலில் கழிந்தது. சிறுவர்க்கான மராத்தி இதழொன்றில் புத்தர் பெருமானின் சரிதத்தைப் படித்த நாள்தொட்டு, அவரது அறத்தை முழுதும் அறிய வேண்டும் என்னும் ஒரே விழைவு அவரைப் பற்றிக்கொண்டது. 1899-இன் இறுதியில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு வீட்டை நீங்கினார். அப்பிரிவால் அவ்வம்மையார் எய்திய துயரை நாம் மறைத்தல் ஆகாது. ஒருவர் கொண்ட நல்ல விழைவுக்கும் மற்றொருவர் விலை கொடுக்க நேர்கிறது என்பதை இங்கே காண்கிறோம்.

புனாவிலும் காசியிலும் வடமொழி கற்றார். காசியில் அன்னசத்திரச் சோற்றால் உயிர் வளர்த்தார். நேபாளத்திலும் தம்மத்தைத் தேடிச் சென்று ஏமாற்றமே கொண்டார். பின்னர் இலங்கை சென்று, 1902-இல் கொழும்பு வித்தியோதயப் பிரிவேனாவில் சுமங்கல தேரரிடம் பாலி பயின்று சாமணேரர் ஆனார். சென்னையில் சிங்காரவேலர் நடத்திய மகாபோதி சங்கத்தில் தங்கினார். பர்மாவில் தியானம் பழகினார்.

இனி நாம் கருத வேண்டிய இடம் இதுவே. 1906-இல் கோசாம்பி சீவரத்தைக் களைந்து, கல்கத்தாவில் பாலி கற்பிக்கும் ஆசிரியராய் அமர்ந்து, மனைவியோடு மீண்டும் இல்லறம் நடத்தலானார். இஃது உலக ஆசைக்கு அடிமையானதென்று சிலர் எண்ணக்கூடும். அவர் அடுத்துச் செய்ததைப் பார்ப்போம். மராட்டிய மக்களிடையே தம்மத்தைப் பரப்ப வேண்டி, பரோடா மன்னர் சயாஜிராவ் அளித்த மாதம் 50 ரூபாய் உதவித்தொகையை ஏற்று, அதனினும் மிக்க கல்கத்தா ஊதியத்தைத் துறந்தார். குடும்பம் இருந்தது, பணப்பற்று இல்லை.

மணிமேகலைக் காப்பியம் பன்னிரு நிதானங்களுள் எட்டாவதாக வேட்கையை வைக்கிறது; அதன்பின் வருவது பற்று. நுகர்ந்ததை மீண்டும் நுகரத் துடித்து, எனது எனப் பற்றிக்கொள்வதே அவ்வேட்கை. பாலி நூல்கள் இதனைத் தண்ஹா என்கின்றன. நன்றாற்ற விரும்பும் விழைவையோ சந்தம் என்னும் சொல்லாலும் குறித்து, சித்தி தரும் நான்கு அடிப்படைகளுள் முதலாவதாக வைக்கின்றன. ஆசையை ஆசையால் எங்ஙனம் ஒழிப்பது என ஓர் அந்தணர் ஆனந்த தேரரை வினவினார். சோலைக்குச் செல்ல விரும்பியவன் சோலையை அடைந்ததும் அவ்விருப்பம் தானே தணிகிறதன்றோ என அவர் விளக்கினார். தண்ஹா அடைந்தபின்னும் தணியாது. நல்விழைவோ கருமம் முடிந்தால் அடங்கும்.

கோசாம்பியும் குற்றமே அற்றவர் அல்லர். 1910 முதல் பன்முறை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்று விசுத்திமக்கத்தைப் பதிப்பிக்க உழைத்தவர், பதிப்பாளர் பெயர் பற்றிய பிணக்கால் ஒருமுறை பணியை இடையில் விட்டுத் திரும்பினார். எனினும் மீண்டும் சென்று முடித்தார். அந்நூல் அவர் மறைந்தபின் 1950-இல் வெளிவந்தது.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். சித்தார்த்தர் நள்ளிரவில் மனைவி உறங்கும்போது மறைந்து சென்றார் என்னும் கதையை ஏலாது, சாக்கியர்க்கும் கோலியர்க்கும் உரோகிணி ஆற்று நீர் பற்றி எழுந்த பூசலே துறவுக்குக் காரணம் என எழுதினார். 1957-இல் வெளிவந்த பாபாசாகேப் அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலிலும் இக்காரணத்தையே காண்கிறோம். உலகை வெறுத்து ஓடுவதன்று, உலகின் துயர்க்கு விடை தேடுவதே துறவு என்பது இதன் பொருள்.

முதுமையில் நோயுற்ற உடல் இனிப் பிறர்க்குப் பயன்படாதெனக் கருதி, சேவாகிராமத்தில் உணவைத் துறந்து 1947 ஜூன் 4-ஆம் நாள் மறைந்தார். இம்முடிவு பகவன் வகுத்த நடுவழிக்கு ஒத்ததென நம்மால் கூற இயலவில்லை. அவர் வாழ்ந்த முறையையே நாம் பின்பற்றத் தக்கதாகக் கொள்கிறோம்.

ஆதலின் அன்பர்களே, பிள்ளையின் கல்வியை விரும்புங்கள். மானத்தோடு வாழ விரும்புங்கள். அவ்விருப்பம் பிறர் பங்கைப் பறிக்கத் தூண்டுகிறதா, கிடைத்தபின்னும் அடங்காமல் எரிகிறதா என்பதை மட்டும் நாள்தோறும் உள்ளத்தைக் கேட்டறியுங்கள். எரியுமாயின் அது வேட்கை; அணைத்தல் வேண்டும். எரியாதாயின் அதுவே மார்க்கத்தில் நம் முதலடி.