நாகா மலையில் இருந்து வந்த கேப்டன்

1948-ம் ஆண்டு ஜூலை மாதம் 29-ந் தேதி. லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஒலிம்பிக் பந்தயத்தின் தொடக்க விழா. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு இந்தியா கலந்து கொண்ட முதல் ஒலிம்பிக் அது. அணிவகுப்பில் இந்திய வீரர்களுக்கு முன்னால் மூவர்ணக் கொடியை ஏந்தி நடந்தவர் 30 வயது இளைஞர் ஒருவர். தங்கப் பதக்கம் வாங்கிப் பழகிய ஆக்கி அணியைச் சேர்ந்தவர் அல்ல அவர். கால்பந்து அணியின் கேப்டன். கல்கத்தாவில் டாக்டருக்குப் படித்துக் கொண்டிருந்த மாணவர்.

அவர் பெயர் தாலிமெரென் ஆவோ. கால்பந்து ரசிகர்கள் சுருக்கமாக டி.ஆவோ என்பார்கள்.

1918-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி, அன்றைய அசாம் மாகாணத்தின் நாகா மலை மாவட்டத்தில் சாங்கி என்ற கிராமத்தில் அவர் பிறந்தார். இன்று அது நாகாலாந்து மாநிலத்தின் மோகோக்சுங் மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை கிறிஸ்தவப் போதகர். வீட்டில் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். இம்பூர் என்ற ஊரில் இருந்த மிஷன் வளாகத்துக்குக் குடும்பம் குடிபெயர்ந்தது. அங்கேதான் சிறுவன் ஆவோ பந்து உதைக்கப் பழகினான். கடையில் வாங்கிய பந்து அல்ல. கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்து.

பிறகு ஜோர்ஹாட்டில் மிஷன் பள்ளிப் படிப்பு. அந்த நாட்களில்தான் அவருடைய தந்தை டைபாயிடு காய்ச்சல் கண்டு இறந்து போனார். தன் மகன் டாக்டராகி நாகா மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது தந்தையின் கடைசி ஆசை. ஆவோவின் வாழ்க்கையில் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஆசைதான் அச்சாணி.

குவாஹாத்தி காட்டன் கல்லூரியில் சேர்ந்தார். ஊரில் இருந்த மகாராணா கிளப்புக்காகப் பந்து ஆடினார். 1942-ல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி என்று இன்று சொல்கிறோமே, அதுதான். அவருடன் குவாஹாத்தியில் ஆடிய சரத் தாஸ் என்பவர் கல்கத்தா மோகன் பகான் கிளப்பில் இருந்தார். அவர் மூலமாக 1943-ல் ஆவோவும் அந்தக் கிளப்பில் சேர்ந்தார்.

மோகன் பகான் என்றால் என்ன என்பதைக் கல்கத்தாவில் வாழும் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: 1911-ல் வெள்ளைக்காரப் பட்டாள அணியைத் தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்ற கிளப் அது. அந்த வெற்றியை வங்காளிகள் ஒரு சுதந்திரப் போர் போலவே கொண்டாடினார்கள். அப்படிப்பட்ட கிளப்பில் மலை நாட்டில் இருந்து வந்த ஒரு மாணவர் இடம் பிடிப்பது லேசான காரியம் அல்ல.

அவர் ஆடிய இடமும் லேசானது அல்ல. அந்தக் காலத்து அணியில் பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் நிற்கும் மூவருக்கு ஆப் பேக் என்று பெயர். ஆவோ அந்த வரிசையில் நின்றவர். எதிரிகள் கொண்டு வரும் பந்தைப் பறிக்க வேண்டும். பறித்த கையோடு (காலோடு என்று சொல்வதே சரி) முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுக்கவும் வேண்டும். கோல் போட்டுப் பெயர் வாங்குவது வேறு யாரோ. நல்ல உயரம், நிதானம், முரட்டு ஆட்டம் இல்லாத கண்ணியம், இவையே அவருடைய மூலதனம்.

அவை சாதாரண ஆண்டுகளும் அல்ல. 1943-ல் வங்காளப் பஞ்சம். கல்கத்தா வீதிகளில் ஜனங்கள் பட்டினியால் விழுந்து மடிந்தார்கள். 1944-ல் ஜப்பானியப் படை கோகிமா வரை வந்து விட்டது. நாகா மலையில் பீரங்கிகள் முழங்கிய அதே ஆண்டில் மோகன் பகான் தொடர்ந்து இரண்டாவது முறையாகக் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. சொந்த மண்ணில் யுத்தம் நடக்க, பகலில் பாடமும் மாலையில் பந்துமாக அந்த இளைஞர் காலம் தள்ளினார். சில ஆண்டுகளில் கிளப்பின் கேப்டன் பதவியும் அவரைத் தேடி வந்தது.

இதற்காக அவருக்குப் பெரும் பணம் கிடைத்திருக்கும் என்று இன்றைய வாசகர்கள் நினைக்கக் கூடாது. அன்று இந்தியக் கால்பந்தில் சம்பள ஆட்டம் என்பது சட்டப்படி கிடையாது.

பிரான்சுடன் மோதல்

1948 ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்குப் பயிற்சியாளர் பலாய்தாஸ் சட்டர்ஜி. கோல் கீப்பர் வரதராஜ், முன்வரிசையில் அகமது கான், சாரங்கபாணி ராமன் என்று அந்நாளைய மைசூர் ராஜ்ய வீரர்கள் பலர் அதில் இருந்தார்கள். அந்த வகையில் பெங்களூர்த் தமிழர்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

ஜூலை 31-ந் தேதி, லண்டனை அடுத்த இல்போர்டில் பிரான்சு அணியுடன் ஆட்டம். இந்திய வீரர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. வெறுங்காலுடன் ஆட வந்தவர்களைப் பார்த்து வெள்ளைக்கார ரசிகர்கள் வியந்தார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு இன்னும் அதிகமாக வியந்தார்கள்.

30-வது நிமிடத்தில் பிரான்சு ஒரு கோல் போட்டது. 70-வது நிமிடத்தில் ராமன் அதைச் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் அது. ஆனால் அன்றைய ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாகிப் போயின. ஒன்றை அடித்தவர் சைலேன் மன்னா, மற்றதை அடித்தவர் மகாவீர் பிரசாத். இரண்டில் ஒன்று உள்ளே போயிருந்தாலும் கதை வேறு. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும் போது பிரான்சு இரண்டாவது கோலைப் போட்டு விட்டது. 2-க்கு 1 என்று தோல்வி. நம் நாட்டில் அப்போது 90 நிமிட ஆட்டம் வழக்கத்தில் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தோற்ற அணிதான். ஆனாலும் மைதானத்தில் கைதட்டல் அந்த அணிக்கே. பூட்ஸ் இல்லாதது பெருமையா, குறையா என்ற வாதம் பிறகு நெடுநாள் நடந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10 கோல் போட்டு நசுக்கிய பிறகே இந்தியக் கால்பந்து பூட்சுக்கு முழுமையாக மாறியது.

ஒலிம்பிக் முடிந்ததும் அணி ஐரோப்பாவில் சில நட்பு ஆட்டங்கள் ஆடியது. லண்டனின் புகழ் பெற்ற அர்சினல் கிளப் ஓர் ஆண்டு தங்களுக்காக ஆடும்படி ஆவோவை அழைத்ததாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சு எந்த அளவுக்கு முற்றியிருந்தாலும் சரி, அவர் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தார். படிப்பு பாக்கி இருந்தது. பந்தாட்டத்தின் காரணமாக ஏற்கனவே தாமதமான படிப்பு.

டாக்டர் ஆவோ

1950-ல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். திப்ருகரில் உள்ள அசாம் மருத்துவக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பணி. பெரிய நகரத்தில் பெரிய பெயரோடு ஆஸ்பத்திரி வைத்திருக்கலாம். ஒலிம்பிக் கேப்டனிடம் வைத்தியம் பார்க்கக் கூட்டம் கூடியிருக்கும். அவரோ 1953-ல் கோகிமாவுக்குப் போய்விட்டார்.

அது நிம்மதியான காலம் அல்ல. சில ஆண்டுகளிலேயே நாகா மலையில் கிளர்ச்சிக்காரர்களுக்கும் ராணுவத்துக்கும் மோதல் மூண்டது. கிராமங்கள் எரிந்தன. பாதை இல்லாத மலைகள், டாக்டரையே பார்த்திராத ஊர்கள். அரசாங்க டாக்டராக அங்கே இருப்பது, பிரான்சுக்காரர்களுக்கு நடுவே பந்தைப் பறிப்பதை விடக் கடினமான வேலை. 1963-ல் நாகாலாந்து தனி மாநிலம் ஆயிற்று. ஆவோ சுகாதாரத் துறையின் இயக்குனர் பதவி வரை உயர்ந்து, 1978-ல் ஓய்வு பெற்றார்.

அதன் பிறகு இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். கல்கத்தாவில் பழைய ரசிகர்கள் அவரை மறக்கவில்லை. மற்ற இடங்களில் புதிய தலைமுறைக்கு அவர் யார் என்றே தெரியவில்லை. 1998-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி கோகிமாவில் காலமானார். வயது 80.

வடகிழக்கு மாநிலங்களுக்கு இடையே அவர் பெயரில் கோப்பைக்கான கால்பந்துப் போட்டி 2009-ல் தொடங்கப்பட்டது. அசாமில் கலியாபோர் என்ற ஊரின் விளையாட்டு மைதானத்துக்கும் அவர் பெயரே.